தலைமடையும் கடைமடையும் – சிந்து நதியும் அண்டை நாடுகளும்

ஒரே வாய்க்காலில் இரண்டு வயல்கள் இருக்கின்றன. ஒன்று தலைமடையில் இருக்கிறது. மற்றொன்று கடைமடையில் இருக்கிறது. தலைமடைக்காரர் மடையை அடைத்துவிட்டால் கடைமடைக்காரரின் பயிர் காயும். மழைக்காலத்தில் தலைமடைக்காரர் மடையைத் திறந்துவிட்டால் கடைமடைக்காரரின் பயிர் அழுகும். இருவரும் பேசிக்கொண்டால் முறை வைத்துப் பாய்ச்சலாம். பேச்சு நின்றுபோனால் மண்வெட்டிதான் பேசும்.

ஊரில் இப்படி ஒரு சண்டை வந்தால் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து தீர்த்து வைப்பார்கள். தீராவிட்டால் தாசில்தாரிடம் போகலாம். கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் அந்த இரண்டு வயல்களும் இரண்டு நாடுகளாக இருந்தால் என்ன செய்வது? நாடுகளுக்கு மேல் தாசில்தார் கிடையாது.

சிந்து நதியின் கதை இப்படிப்பட்ட கதைதான். இதில் இந்தியா இருக்கிறது. பாகிஸ்தான் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, எல்லோருக்கும் மேலே, சீனாவும் இருக்கிறது.

ஆறு ஆறுகள்

சிந்து நதி திபெத்தில் கைலாய மலைப் பக்கம் பிறக்கிறது. திபெத் இன்று சீனாவின் ஆட்சியில் இருக்கிறது. அங்கிருந்து லடாக் வழியாக இந்தியாவுக்குள் வருகிறது. பிறகு பாகிஸ்தானுக்குள் நுழைந்து, நீள ஓடி, கராச்சிக்கு அருகே அரபிக் கடலில் கலக்கிறது. மொத்த நீளம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர்.

சிந்துவோடு ஐந்து ஆறுகள் சேருகின்றன. ஜீலம், செனாப், ராவி, பியாஸ், சட்லெஜ் என்பவை அவை. பஞ்சாப் என்ற பெயருக்கே ஐந்து ஆறுகளின் நாடு என்றுதான் பொருள். ஜீலம் காஷ்மீரில் ஒரு ஊற்றில் பிறக்கிறது. செனாப், ராவி, பியாஸ் மூன்றும் இமாசலப் பிரதேசத்து மலைகளில் பிறக்கின்றன. சட்லெஜ் திபெத்தில் மானசரோவர் ஏரிப் பகுதியிலிருந்து வருகிறது.

வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்த ஆறுகளில் பெரிய பெரிய தலைமதகுகள் கட்டினார்கள். அவற்றிலிருந்து கால்வாய்கள் வெட்டினார்கள். முள்ளும் புதருமாகக் கிடந்த நிலம் கோதுமையும் பருத்தியும் விளையும் பூமி ஆயிற்று. வேறு இடங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அப்போது அது ஒரே நாடு. மதகு ஒரு மாவட்டத்தில் இருக்கும். அதன் தண்ணீர் பாயும் வயல் நாலு மாவட்டம் தள்ளி இருக்கும். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கோடு போட்டவர்

1947-ல் நாடு விடுதலை பெற்றது. அதே நேரத்தில் இரண்டாகவும் பிரிந்தது. பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரித்துக் கோடு போட ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேய வழக்கறிஞரை அழைத்து வந்தார்கள். அவர் அதற்கு முன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஜூலை 8-ந் தேதி வந்து இறங்கினார். ஆகஸ்டு 17-ந் தேதி கோடு வெளியானது. இடையில் ஆறு வாரம்கூட இல்லை. ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதற்கே அதைவிட அதிக நாள் ஆகும்.

அந்தக் கோடு கால்வாய்களின் குறுக்கே போயிற்று. ராவி ஆற்றில் மாதோப்பூர் என்ற இடத்தில் ஒரு தலைமதகு இருந்தது. சட்லெஜ் ஆற்றில் பெரோஸ்பூரில் ஒரு தலைமதகு இருந்தது. இரண்டும் இந்தியாவின் பங்கில் வந்தன. அவற்றின் தண்ணீரை நம்பியிருந்த கால்வாய்களில் பல பாகிஸ்தானின் பங்கில் போயின. மதகு ஒரு நாட்டில், வயல் இன்னொரு நாட்டில் என்று ஆகிவிட்டது.

பிரிவினையின்போது நடந்த கொலைகளையும் கொள்ளைகளையும் எல்லோரும் அறிவார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினார்கள். காஷ்மீரில் போரும் தொடங்கிவிட்டது. அந்தக் கலவரத்தின் நடுவிலும் இரண்டு பக்கத்துப் பொறியாளர்கள் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். 1948 மார்ச் 31 வரை தண்ணீர் முன்போலவே போகட்டும் என்பது அந்த ஏற்பாடு.

தேதி முடிந்தது. புதிய ஏற்பாடு எதுவும் எழுதப்படவில்லை. மறுநாள், 1948 ஏப்ரல் 1 அன்று, கிழக்குப் பஞ்சாப் அரசு மதகுகளை அடைத்துவிட்டது.

பாகிஸ்தான் பக்கத்தில் கால்வாய்கள் வறண்டன. லாகூர் நகரத்துக்கு வந்த கால்வாயும் வறண்டது. கோதுமை அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கு நிலத்தைத் தயார் செய்யும் நேரம் அது. தண்ணீர் இல்லாமல் எதை விதைப்பது? ஒரு மாதம் கழித்து, மே 4-ந் தேதி, தில்லியில் இரு நாட்டு அமைச்சர்களும் பேசி உடன்பாடு கண்டார்கள். தண்ணீர் மீண்டும் ஓடியது. ஆனால் அது எப்போதைக்குமான உரிமை அல்ல என்று இந்தியா சொன்னது. பாகிஸ்தான் பணம் கட்ட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக வேறு வழி தேடிக்கொள்ள வேண்டும் என்றும் பேச்சு. நெருக்கடியில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று பாகிஸ்தான் பிறகு குறை சொன்னது.

தண்ணீர் நின்றது ஒரே ஒரு மாதம்தான். ஆனால் அந்த ஒரு மாதத்தைக் கடைமடைக்காரர்கள் இன்று வரை மறக்கவில்லை. பாகிஸ்தானில் இந்தியாவைப் பற்றிப் பேச்சு வந்தால், காஷ்மீருக்கு அடுத்தபடியாக இதுதான் நினைவுக்கு வரும்.

ஒன்பது ஆண்டுப் பேச்சு

1951-ல் லிலியந்தால் என்ற அமெரிக்கர் இரு நாடுகளையும் சுற்றிப் பார்த்தார். அமெரிக்காவில் டென்னசி ஆற்றுத் திட்டத்தை நடத்தியவர் அவர். தண்ணீர்த் தகராற்றை அரசியல் தகராறாகப் பார்க்க வேண்டாம், பொறியாளர்களின் வேலையாகப் பாருங்கள், உலக வங்கி உதவி செய்யட்டும் என்று அவர் ஊர் திரும்பி எழுதினார். உலக வங்கியின் தலைவராக இருந்த யூஜின் பிளாக் அதைப் பிடித்துக்கொண்டார். இரு நாட்டுப் பிரதமர்களுக்கும் எழுதினார்.

பேச்சு 1952-ல் தொடங்கியது. எல்லா ஆறுகளையும் சேர்ந்தே நிர்வகிக்கலாம் என்று முதலில் நினைத்தார்கள். அது நடக்கவில்லை. ஒருவரை ஒருவர் நம்பாதபோது ஒரே பூட்டுக்கு இருவர் சாவி வைத்துக்கொள்ள முடியுமா? 1954-ல் உலக வங்கி வேறு யோசனை சொன்னது. ஆறுகளைப் பங்கு போட்டுவிடுங்கள் என்றது.

கிழக்கே இருக்கும் ராவி, பியாஸ், சட்லெஜ் மூன்றும் இந்தியாவுக்கு. மேற்கே இருக்கும் சிந்து, ஜீலம், செனாப் மூன்றும் பாகிஸ்தானுக்கு. யோசனை எளிதுதான். ஆனால் அளவு சமம் அல்ல. கிழக்கு ஆறுகள் மூன்றிலும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 1,440 டி.எம்.சி. தண்ணீர் வரும். மேற்கு ஆறுகள் மூன்றிலும் சுமார் 5,900 டி.எம்.சி. வரும். மேட்டூர் அணை நிரம்பினால் அதில் 93.47 டி.எம்.சி. இருக்கும். அந்தக் கணக்கில் இந்தியாவின் பங்கு பதினைந்து மேட்டூர். பாகிஸ்தானின் பங்கு அறுபத்து மூன்று மேட்டூர்.

பாகிஸ்தானுக்கு அதிலும் ஒரு கஷ்டம் இருந்தது. கிழக்கு ஆறுகளை நம்பி இருந்த அதன் கால்வாய்களுக்கு இனி மேற்கு ஆறுகளிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும். அதற்குப் புதிய அணைகள், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இணைப்புக் கால்வாய்கள் வேண்டும். பணத்துக்கு எங்கே போவது? அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகள் பணம் தர முன்வந்தன. இந்தியாவும் ஒரு பங்கு தர ஒப்புக்கொண்டது. 6 கோடியே 20 லட்சத்து 60 ஆயிரம் பவுன், பத்து ஆண்டுத் தவணை. அன்றைய கணக்கில் சுமார் 83 கோடி ரூபாய்.

1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியாவின் சார்பில் பிரதமர் நேரு கையெழுத்திட்டார். பாகிஸ்தான் சார்பில் அதிபர் அயூப் கான் கையெழுத்திட்டார். உலக வங்கியின் சார்பில் இலிஃப் என்பவரும் கையெழுத்திட்டார். தண்ணீரையும் கொடுத்துப் பணத்தையும் கொடுப்பதா என்று நம் நாடாளுமன்றத்தில் பலர் கோபப்பட்டார்கள். பாகிஸ்தானிலோ, மூன்று ஆறுகளை இந்தியாவுக்கு விற்றுவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் குறை சொன்னார்கள் என்பதால் ஒப்பந்தம் ஓரளவு நியாயமாகத்தான் இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

யாருக்கு யார் நண்பன்?

பணக்கார நாடுகள் ஏன் பாகிஸ்தானின் கால்வாய்க்குப் பணம் கொடுத்தன? இரக்கம் மட்டும் காரணம் அல்ல.

அப்போது உலகம் இரண்டு அணியாக நின்றது. ஒன்று அமெரிக்க அணி. மற்றொன்று சோவியத் ரஷ்யாவின் அணி. 1954-லும் 1955-லும் பாகிஸ்தான் அமெரிக்காவின் இரண்டு ராணுவக் கூட்டணிகளில் சேர்ந்தது. அமெரிக்க ஆயுதங்களும் டாங்கிகளும் அங்கே வந்து இறங்கின. கம்யூனிஸ்டு நாடுகளைத் தடுக்கத்தான் இவை என்று அமெரிக்கா சொன்னது. ஆனால் 1965 போரில் அந்த டாங்கிகள் பஞ்சாபில் இந்திய வயல்களுக்குள்தான் வந்தன.

இந்தியா எந்த அணியிலும் சேரவில்லை. அப்போது சீனாவோடு நட்பாக இருந்தது. 1954-ல் இரு நாடுகளும் பஞ்சசீலம் என்ற ஐந்து கொள்கைகளை ஏற்றுக்கொண்டன. ஒருவர் நாட்டில் மற்றவர் தலையிடாமல் சமாதானமாக வாழ்வது என்பது அதன் சாரம். ஆனால் எல்லை எது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1959-ல் திபெத்திலிருந்து தலாய் லாமா தப்பி வந்தார். இந்தியா அவருக்கு இடம் கொடுத்தது. சீனாவுக்கு அது பிடிக்கவில்லை. 1962 அக்டோபர் 20 அன்று போர் மூண்டது. ஒரு மாதம் நடந்த அந்தப் போரில் இந்தியா தோற்றது.

உடனே எல்லாக் கணக்குகளும் மாறின. அமெரிக்காவும் இங்கிலாந்தும் இந்தியாவுக்கு ஆயுதம் அனுப்பின. பாகிஸ்தான் முகம் சுளித்தது. நம் கூட்டாளி நம் எதிரிக்கு உதவுகிறானே என்று அது நினைத்தது. அது சீனாவின் பக்கம் திரும்பியது. 1963 மார்ச் 2 அன்று பாகிஸ்தானும் சீனாவும் ஓர் எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டன. பாகிஸ்தான் பிடித்து வைத்திருந்த காஷ்மீர்ப் பகுதியில் சுமார் 5,180 சதுர கிலோமீட்டர் நிலம் அதில் சீனாவின் பக்கம் போயிற்று. அந்த ஒப்பந்தத்தை இந்தியா ஏற்கவில்லை. அன்று தொடங்கிய பாகிஸ்தான் – சீன நட்பு இன்று வரை நீடிக்கிறது. பாகிஸ்தானின் ஒரு நண்பன் கம்யூனிஸ்டு நாடு. இன்னொரு நண்பன் கம்யூனிஸ்டுகளை எதிர்க்கும் நாடு. இப்படியும் நடக்கும்.

1965 போர் முடிந்தது. 1966 ஜனவரியில் சமாதானம் பேச இரு நாட்டுத் தலைவர்களும் தாஷ்கண்டுக்குப் போனார்கள். நடுவராக இருந்தது சோவியத் ரஷ்யா. 10-ந் தேதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, அன்றிரவே அங்கேயே காலமானார்.

1971-ல் நடந்தது இன்னும் பெரியது. அப்போது பாகிஸ்தானுக்கு இரண்டு பாகங்கள் இருந்தன. நடுவில் இந்தியா இருந்தது. கிழக்குப் பாகிஸ்தானில் வங்காளிகள் தேர்தலில் வென்றார்கள். ஆட்சியைக் கொடுக்காமல் ராணுவத்தை ஏவினார்கள். ஒரு கோடிப் பேர் வரை அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்காளத்திலும் திரிபுராவிலும் பள்ளிக்கூடம், திடல், சாலையோரம் என எங்கும் அகதிகள்.

அந்த நேரத்தில் அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகர் கிசிஞ்சர் பாகிஸ்தானுக்கு வந்தார். அவருக்கு வயிற்று வலி, மலையூரில் ஓய்வெடுக்கிறார் என்று செய்தி வெளியானது. உண்மையில் ஜூலை 9 அன்று அவர் ரகசியமாக விமானம் ஏறிச் சீனாவுக்குப் போய்விட்டார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதிருந்த அமெரிக்காவும் சீனாவும் அன்று பேசத் தொடங்கின. இருவரையும் சேர்த்து வைத்த தரகர் பாகிஸ்தான். அதனால் பாகிஸ்தானைக் கண்டிக்க அமெரிக்காவுக்கு மனம் வரவில்லை.

அமெரிக்கா, சீனா, பாகிஸ்தான் மூன்றும் ஒரு பக்கம் நின்றால் இந்தியா தனியாகிவிடும். பிரதமர் இந்திரா காந்தி அடுத்த மாதமே, ஆகஸ்டு 9 அன்று, சோவியத் ரஷ்யாவோடு இருபது ஆண்டு நட்பு ஒப்பந்தம் செய்தார். டிசம்பர் 3 அன்று போர் தொடங்கியது. அமெரிக்கா தன் போர்க்கப்பல்களை வங்கக் கடலுக்கு அனுப்பியது. சீனா போரில் இறங்கவில்லை. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் சரணடைந்தது. வங்கதேசம் பிறந்தது.

இவ்வளவு நடந்தும் ஒப்பந்தம் நின்றது

இத்தனை சண்டையிலும் சிந்து ஒப்பந்தம் முறியவில்லை. 1965-ல் எல்லையில் துப்பாக்கி வெடித்த காலத்திலும் இந்தியா தவணைப் பணத்தைக் கட்டியது. 1971-லும், 1999 கார்கில் போரிலும் தண்ணீர் நிற்கவில்லை.

அதற்குக் காரணம் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு சாதாரண ஏற்பாடு. ஒவ்வொரு நாடும் ஓர் ஆணையரை வைத்தது. அவர் பெரும்பாலும் பொறியாளர். இந்த இரண்டு ஆணையர்களும் ஆண்டுக்கு ஒரு முறையாவது கூடிப் பேச வேண்டும். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்ற கணக்கை ஒருவருக்கொருவர் தர வேண்டும். புதிதாக அணை கட்டினால் முன்கூட்டியே வரைபடம் காட்ட வேண்டும். ஆணையர்களுக்குள் தீராவிட்டால் நடுநிலை வல்லுநரிடம் போகலாம். அங்கும் தீராவிட்டால் நடுவர் மன்றம். தலைவர்கள் முகம் பார்க்காத காலத்திலும் இந்தப் பொறியாளர்கள் எதிரெதிரே உட்கார்ந்து கன அடிக் கணக்குப் பேசினார்கள்.

ஒப்பந்தத்தால் இரண்டு நாடுகளும் வளர்ந்தன. இந்தியாவில் பக்ரா நங்கல் அணை வந்தது. சட்லெஜ், பியாஸ் தண்ணீர் ராஜஸ்தான் கால்வாய் வழியாகப் பாலைவனத்துக்குப் போனது. இப்போது அதற்கு இந்திரா காந்தி கால்வாய் என்று பெயர். ஒட்டகம் மேய்ந்த ஜெய்சல்மேர் மணலில் கோதுமை விளைந்தது. பாகிஸ்தானில் மங்களா அணையும் தர்பேலா அணையும் எழுந்தன. மங்களா அணைக்காகப் பழைய மீர்ப்பூர் நகரமே தண்ணீரில் மூழ்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இடம் பெயர்ந்தார்கள். அவர்களில் பலர் இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போனார்கள்.

பாகிஸ்தானின் ஆறுகளிலும் இந்தியாவுக்குச் சில உரிமைகள் உண்டு. குடிக்க எடுக்கலாம். குறிப்பிட்ட அளவு நிலத்துக்குப் பாய்ச்சலாம். ஓடும் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம். ஆனால் தண்ணீரைப் பெருமளவில் தேக்கக் கூடாது. தேக்கலாம் என்று கொடுத்த அளவு சுமார் 157 டி.எம்.சி.தான்.

சண்டை இங்கேதான் வந்தது. செனாப் ஆற்றில் சலால் அணை கட்டும்போது பாகிஸ்தான் ஆட்சேபித்தது. 1978-ல் உடன்பாடு வந்தது. அதற்காக இந்தியா மதகுகளின் உயரத்தைக் குறைத்தது. அடியில் வண்டல் தள்ளும் மதகுகளையும் மூடியது. விளைவு, சில ஆண்டுகளிலேயே அணையில் வண்டல் நிறைந்துவிட்டது. ஏரியைத் தூர் வாராமல் விட்டால் என்ன ஆகும் என்பது நம் விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செனாப்பிலேயே பாக்லிஹார் அணை பற்றிய வழக்கு நடுநிலை வல்லுநரிடம் போனது. ஸ்விட்சர்லாந்தின் லஃபிட் என்பவர் 2007-ல் தீர்ப்புச் சொன்னார். அணையின் உயரத்தை ஒன்றரை மீட்டர் குறைக்கச் சொன்னார். ஆனால் வண்டல் தள்ளும் மதகுகள் வேண்டும் என்ற இந்தியாவின் பேச்சை ஒப்புக்கொண்டார். கிஷன்கங்கா திட்டம் நடுவர் மன்றம் வரை போனது. 2013-ல் தீர்ப்பு வந்தது. இந்தியா மின்சாரம் எடுக்கலாம், ஆனால் ஆற்றில் நொடிக்கு 9 கன மீட்டர் தண்ணீராவது விட வேண்டும் என்று மன்றம் சொன்னது.

பாகிஸ்தானின் பயம் ஒரு பக்கம். ஜம்மு காஷ்மீர் மக்களின் மனக்குறை இன்னொரு பக்கம். ஆறு எங்கள் வீட்டு வாசலில் ஓடுகிறது, ஆனால் எங்களுக்கு மின்சாரத் தட்டுப்பாடு, வயலுக்குத் தண்ணீர் எடுக்கவும் கணக்கு என்று அவர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். ஒப்பந்தம் போட்டபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. இந்தக் குறை பெரும்பாலும் செய்தித்தாள்களில் வருவதில்லை.

ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்பட்டது

2016-ல் உரி ராணுவ முகாமில் தாக்குதல் நடந்த பிறகு ஒப்பந்தத்தைப் பற்றிய பேச்சு சூடானது. 2023 ஜனவரியில், ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும் என்று இந்தியா பாகிஸ்தானுக்கு நோட்டீஸ் அனுப்பியது. மக்கள்தொகை பெருகிவிட்டது, பனிமலைகள் உருகுகின்றன, 1960-ல் போட்ட கணக்கு இன்றைக்குப் பொருந்தாது என்பது இந்தியாவின் வாதம். இதில் நியாயம் இருக்கிறது. அதற்குள் ஆணையர்களின் கூட்டமும் நின்றுவிட்டது. கடைசியாக அவர்கள் கூடியது 2022 மே மாதம், தில்லியில்.

2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரில் பஹல்காம் என்ற இடத்தில் பயங்கரவாதிகள் சுட்டதில் 26 பேர் இறந்தார்கள். சுற்றுலா வந்த குடும்பங்களின் கண்முன்னே இது நடந்தது. மறுநாள், சிந்து ஒப்பந்தத்தை நிறுத்தி வைப்பதாக இந்தியா அறிவித்தது. எல்லை தாண்டிய பயங்கரவாதத்துக்குத் துணை போவதைப் பாகிஸ்தான் அடியோடு கைவிடும் வரை இது தொடரும் என்றது. தங்களுக்குத் தொடர்பு இல்லை என்று பாகிஸ்தான் சொன்னது. தங்கள் தண்ணீரை நிறுத்தினால் அதைப் போராகவே கருதுவோம் என்றும் சொன்னது. மே 7 முதல் 10 வரை இரு நாடுகளும் ஏவுகணைகளாலும் விமானங்களாலும் மோதிக்கொண்டன. பிறகு சண்டை நின்றது. ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது நிறுத்தப்பட்டதாகவே இருந்தது.

அப்படியானால் பாகிஸ்தானுக்குத் தண்ணீர் போகவில்லையா? போகிறது. மேற்கு ஆறுகளின் தண்ணீரைத் தேக்கி வைக்க இந்தியாவிடம் பெரிய அணைகள் இல்லை. வேறு பக்கம் திருப்பக் கால்வாய்களும் இல்லை. நடுவில் மலைகள் இருக்கின்றன. அவற்றைக் குடைந்து கட்டப் பல ஆண்டுகள் ஆகும். உடனே நின்றது தண்ணீர் அல்ல, கணக்குதான். எப்போது எவ்வளவு தண்ணீர் வரும் என்ற தகவல் கடைமடைக்குப் போவது நின்றது. அதுவும் சிறிய விஷயம் அல்ல. விதைக்கும் நேரத்தில் நாலு நாள் தண்ணீர் தள்ளிப்போனாலும் விவசாயிக்கு நஷ்டம்தான்.

மேலே இன்னொரு தலைமடை

இந்தியா பாகிஸ்தானுக்குத் தலைமடை. ஆனால் சீனாவுக்கு இந்தியா கடைமடை. சிந்துவும் சட்லெஜும் திபெத்திலிருந்து வருகின்றன. பிரம்மபுத்திராவும் அங்கிருந்துதான் வருகிறது. சீனாவோடு இந்தியாவுக்குத் தண்ணீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் எதுவும் இல்லை. வெள்ளக் காலத்தில் தகவல் தருவது பற்றிச் சில உடன்பாடுகள் மட்டும் இருந்தன. 2020 ஜூனில் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள். அதன்பின் உறவு கெட்டது. பிரம்மபுத்திரா பற்றிய தகவல் உடன்பாடும் 2023-ல் காலாவதியானது. 2025 ஜூலையில் சீனா திபெத்தில் அந்த ஆற்றின் மீது மிகப் பெரிய நீர்மின் திட்டத்தைத் தொடங்கியது. அசாமிலும் அருணாசலத்திலும் மக்கள் கவலைப்பட்டார்கள். லாகூர் விவசாயிக்கு வரும் அதே கவலைதான் அது.

கூட்டாளிகளும் மீண்டும் இடம் மாறினார்கள். 2000-க்குப் பிறகு அமெரிக்கா இந்தியாவுக்கு நெருக்கமாக வந்தது. 2008-ல் இரண்டும் அணுசக்தி உடன்பாடு செய்துகொண்டன. பாகிஸ்தானில் 2015 முதல் சீனா சாலைகளும் மின் நிலையங்களும் கட்டியது. ஆனால் 2025 ஜூனில் பாகிஸ்தான் ராணுவத் தளபதிக்கு அமெரிக்க அதிபர் வெள்ளை மாளிகையில் விருந்து வைத்தார். ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டது. அதே மாதக் கடைசியில் பிரதமர் மோடி சீனாவின் தியான்ஜின் நகரில் சீன அதிபரைச் சந்தித்தார். கல்வானில் மோதி ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது.

வெள்ளம் வந்தது

2025 ஆகஸ்டில் இமயமலைப் பகுதியில் அடை மழை. ராவி, பியாஸ், சட்லெஜ், செனாப், ஜம்முவில் ஓடும் தாவி எல்லாம் பொங்கின. ஆகஸ்டு 24 அன்று, தாவியில் பெருவெள்ளம் வருகிறது என்று இந்தியா பாகிஸ்தானுக்குத் தகவல் சொன்னது. ஆணையர் வழியாகச் சொல்லவில்லை. இஸ்லாமாபாத்தில் இருக்கும் தூதரகம் வழியாகச் சொன்னது. மனிதாபிமானத்தால் சொல்கிறோம், ஒப்பந்தப்படி அல்ல என்று விளக்கமும் கொடுத்தது.

மூன்று நாள் கழித்து மாதோப்பூர் தலைமதகில் வெள்ளத்தின் வேகம் தாங்காமல் சில மதகுகள் உடைந்தன. 1948-ல் அடைத்த அதே மாதோப்பூர்தான். இந்தியப் பஞ்சாபின் 23 மாவட்டங்களும் வெள்ளம் பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. எல்லைக்கு அப்பால் கர்தார்பூர் குருத்வாரா தண்ணீரில் நின்றது. பாகிஸ்தானில் பல லட்சம் பேரை மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோனார்கள். மாடுகளை வெள்ளம் கொண்டுபோயிற்று. அறுவடைக்கு வர வேண்டிய நெல் இரு பக்கமும் அழுகியது.

தண்ணீர் வடிந்தபோது வயல்களில் மணல் மேடிட்டுக் கிடந்தது. வயலில் படிந்த மணலை அந்தந்த விவசாயியே அள்ளி விற்றுக்கொள்ளலாம் என்று இந்தியப் பஞ்சாப் அரசு அனுமதி கொடுத்தது. டிராக்டர் வைத்திருந்தவர்கள் இல்லாதவர்களின் வயலிலும் சேர்ந்து மணல் அள்ளினார்கள். நவம்பருக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும்.